தூரத்துப் போர்கள் – 14: நாள் குறித்த பிரதமர்

1954 மே 7 அன்று, வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் கோட்டையான தியன் பியன் பூ வீழ்ந்ததோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு ஒன்றிய வீரர்கள் சிறைப்பட்டு, காட்டு வழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் உயிரோடு திரும்பினார்கள். இப்படியோர் அடி விழுந்ததும் போர் தானாகவே முடிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். முடியவில்லை. அதற்குப் பிறகும் ஐந்து வாரங்கள் பாரிஸில் அதே அமைச்சரவைதான் இருந்தது. வெளியுறவு அமைச்சரும் மாறவில்லை, அவருடைய பேச்சும் மாறவில்லை. அடுத்த ஐந்து வாரங்களில் எட்டாண்டுப் போர் முடிவுக்கு வந்தது. இடையில் மாறியது என்ன என்பதைத்தான் இந்தப் பகுதியில் பார்க்கப்போகிறோம்.

முதலில், இந்தப் போர் ஏன் அத்தனை காலம் நீண்டது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தோசீனாவுக்கு பிரான்ஸ் தன் கட்டாய ராணுவ சேவை இளைஞர்களை அனுப்பவில்லை. சம்பளப் பட்டாளம், அந்நியப் படையணி, மொராக்கோ, அல்ஜீரியா, செனகல் வீரர்கள், வியட்நாமிலேயே திரட்டப்பட்ட துருப்புகள் ஆகியோரே சண்டையிட்டார்கள். பிரெஞ்சு ஒன்றியத்தின் தரப்பில் முக்கால் லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டபோதும், லியோனிலோ போர்தோவிலோ ஒரு சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கு அந்தச் சாவு அபூர்வமாகவே வந்தது. பணமும் முழுக்க பிரான்ஸின் பணமாக இல்லை. போரின் கடைசிக் கட்டத்தில் செலவில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டிருந்தது. சாவும் செலவும் தன் வீட்டைத் தொடாதபோது ஒரு சமூகம் போரை மறந்துவிடுகிறது. பிரான்ஸ் மறந்திருந்தது.

மறக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒரு சாராருக்குப் போர் நல்ல வருமானம் தந்தது. இந்தோசீன நாணயமான பியாஸ்தருக்கு 1945 டிசம்பரில் 17 பிராங்க் என்று அரசு விலை நிர்ணயித்தது. ஆசியச் சந்தைகளில் அதன் உண்மை விலை கிட்டத்தட்ட அதில் பாதிதான். சைகோனில் மலிவாக பியாஸ்தர் வாங்கி, அனுமதிச் சீட்டோடு பாரிஸுக்கு மாற்றினால் போட்ட பணம் இரட்டிப்பாகும். வித்தியாசத்தை பிரெஞ்சுக் கருவூலம் கட்டும். வணிகர்கள், அதிகாரிகள், அரசியல்வாதிகள் எனப் பலரும் இந்த வழியில் பணம் பார்த்தார்கள். இந்தோசீனாவில் வேலை பார்த்த ஜாக் தெஸ்புயெக் என்பவர் 1953-இல் இதைப் புத்தகமாக எழுதி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு மே மாதத்தில் விலை 10 பிராங்காகக் குறைக்கப்பட்டது. அதுவரை, ஏழாண்டுகளுக்கும் மேலாக, போர் நீடிப்பதில் லாபம் கண்ட கூட்டம் ஒன்று தலைநகரிலேயே இருந்தது.

மூன்றாவது காரணம் நாடாளுமன்றக் கணக்கு. நான்காம் குடியரசில் அமைச்சரவைகள் மாதக்கணக்கில்தான் தாக்குப்பிடித்தன. பிரதமர்கள் வந்து போனார்கள். ஆனால் இந்தோசீன விவகாரம் மட்டும் பெரும்பாலும் எம்.ஆர்.பி. என்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் கையிலேயே தங்கிவிட்டது. அக்கட்சி இல்லாமல் கூட்டணி அமையாது. கூட்டணி வேண்டுமென்றால் அதன் போர்க் கொள்கையில் கை வைக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பிரதமரும் முந்தையவர் விட்ட இடத்திலிருந்து அதே வாக்கியத்தைத் தொடர்ந்தார்: முதலில் ஒரு வெற்றி, பிறகு பேச்சுவார்த்தை.

இந்த வாக்கியத்தை நாடாளுமன்றத்தில் நேருக்கு நேர் மறுத்தவர் பியர் மெந்தேஸ் பிரான்ஸ். 1950 அக்டோபரில், சீன எல்லையையொட்டிய காவ் பாங் சாலையில் பிரெஞ்சுப் படை சிதறடிக்கப்பட்டது. சில நாட்கள் கழித்து, அக்டோபர் 19 அன்று அவர் எழுந்து பேசினார். வழி இரண்டுதான் உண்டு என்றார். ராணுவத்தால் வெல்வதென்றால் மும்மடங்கு படையும் மும்மடங்கு பணமும் வேண்டும். அதற்காகப் புதிய வரிகளை ஏற்க வேண்டும், உள்நாட்டு மறுகட்டுமானத்தைக் குறைக்க வேண்டும், ஐரோப்பாவில் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும். இதற்கெல்லாம் மனமில்லை என்றால் அரசியல் உடன்பாடு தேட வேண்டும். அந்த உடன்பாட்டை, நம்மோடு சண்டையிடுகிறவர்களோடுதான் செய்ய முடியும். நாம் தேர்ந்தெடுத்து நாற்காலியில் உட்கார வைத்த முன்னாள் பேரரசர் பாவோ தாயோடு அல்ல.

இந்தப் பேச்சில் அறச்சீற்றம் கொஞ்சம்தான். கணக்கே அதிகம். அதனாலேயே அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்லாமல் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் போரைத் தொடர்ந்தார்கள். அந்த மூன்றரை ஆண்டுகளில் செத்தவர்களை நினைக்கும்போதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் கோபம் வருகிறது. 1954 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், 1950 அக்டோபரில் அந்த அவையில் பேசத் தடையாக இருந்த விஷயம் ஒன்றுகூட இல்லை.

மெந்தேஸ் யூதர். 25 வயதில், 1932-இல், நார்மண்டியின் லூவியே தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்தவர். ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு அவரைச் சிறையில் அடைத்தது. 1941-இல் சிறையிலிருந்து தப்பி, பிறகு லண்டனை அடைந்தார். டெ கோலின் சுதந்திர பிரான்ஸ் விமானப்படையில் குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டியாகப் பறந்தார். போர் முடியும் தறுவாயில் டெ கோலின் பொருளாதார அமைச்சராக இருந்தார். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கசப்பு மருந்து வேண்டும் என்ற தன் யோசனை ஏற்கப்படாதபோது, 1945-இல் பதவியை விட்டு விலகினார். தேசபக்தி இல்லாதவர் என்று அவரைச் சொல்ல எதிரிகளுக்கு வழியில்லை. ஆனாலும் சொன்னார்கள். அவர் யூதர் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். 1953 ஜூனில் பிரதமர் பதவிக்கு அவர் முன்மொழியப்பட்டபோது, தேவையான 314 வாக்குகளில் 301 கிடைத்தன. பதின்மூன்று வாக்குகள் குறைந்ததால் ஜோசப் லனியேல் பிரதமரானார். போர் மேலும் ஓராண்டு நீண்டது.

லனியேல் அரசும் சமாதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1953 ஜூலையில் கொரியாவில் சண்டை நின்ற பிறகு, ராணுவத் தீர்வு மட்டுமே தீர்வல்ல என்று லனியேலே பேசத் தொடங்கினார். நவம்பரில் ஸ்வீடன் நாட்டு நாளிதழான எக்ஸ்பிரஸ்ஸன் வழியாக, பேசத் தயார் என்று, பிரான்ஸை எதிர்த்துப் போரிட்ட வியட் மின் இயக்கத்தின் தலைவர் ஹோ சி மின்னும் சொன்னார். 1954 பிப்ரவரியில் பெர்லினில் கூடிய நான்கு வல்லரசுகளின் வெளியுறவு அமைச்சர்கள், கொரியாவையும் இந்தோசீனாவையும் பற்றி ஜெனீவாவில் மாநாடு என்று முடிவு செய்தார்கள். ஆனால் பேச்சுக்குத் தேதி குறித்ததும் இரு தரப்பும் அதற்கு முன் ஒரு பெரிய வெற்றியைத் தேடிக்கொள்ளப் பார்த்தன. தியன் பியன் பூவில் ரத்தம் அத்தனை ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெனீவாவில் இந்தோசீன அமர்வு மே 8 அன்று தொடங்கியது. கோட்டை வீழ்ந்ததற்கு மறுநாள்.

வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிதோ அங்கே போய் என்ன செய்தார்? வியட் மின் தலைவர்களை நேரில் சந்திக்க மறுத்தார். அமெரிக்கா எந்த நேரமும் போரில் இறங்கக்கூடும் என்ற அச்சமே எதிரியைப் பணியவைக்கும் என்று நம்பினார். ஏப்ரலிலேயே அமெரிக்க விமானங்கள் தியன் பியன் பூவைச் சுற்றிக் குண்டுவீசுவது பற்றிப் பேசப்பட்டு, பிரிட்டன் சேர மறுத்ததால் கைவிடப்பட்டிருந்தது. நடக்காத தலையீட்டைக் காட்டி எத்தனை நாள் மிரட்ட முடியும்? பிதோவுக்கு ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜூன் முற்பகுதியில் இரு தரப்பு ராணுவ அதிகாரிகளின் ரகசியப் பேச்சு அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பின்னால் நடந்த பலவற்றுக்கும் அந்தச் சிறு வாசல்தான் வழியானது. அதற்குள் பாரிஸில் பொறுமை தீர்ந்துவிட்டது. ஜூன் 12 அன்று 306-க்கு 293 என்ற வாக்குகளில் லனியேல் அரசு வீழ்ந்தது.

ஜூன் 17 அன்று மெந்தேஸ் நாடாளுமன்றத்தின் முன் வந்தார். ஜூலை 20-க்குள் போர்நிறுத்தம் கொண்டுவருவேன், முடியாவிட்டால் அன்றே என் அரசு பதவி விலகும் என்றார். அதுவரை எந்தப் பிரதமரும் இந்தப் போருக்குத் தேதி குறித்ததில்லை. இன்னொன்றும் சொன்னார். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் தனக்கு வாக்களித்தாலும் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன், அவர்களைத் தவிர்த்தும் பெரும்பான்மை கிடைத்தால்தான் பதவியேற்பேன் என்றார். வாக்காளர்கள் அனுப்பிய உறுப்பினர்களின் வாக்கை இப்படி ஒதுக்குவது ஜனநாயகத்துக்கு அழகல்ல என்று அன்றே விமர்சனம் எழுந்தது. அது சரியான விமர்சனம்தான். ஆனால் அவர் எண்ணம் வேறு. ஹோ சி மின்னோடு பேசப் போகிறவர், மாஸ்கோவுக்கு நெருக்கமான வாக்குகளின் தயவில் வந்தவர் என்ற பேச்சு எழவே கூடாது என்று பார்த்தார். ஆதரவாக 419, எதிராக 47, நடுநிலை 143. கம்யூனிஸ்டுகளைக் கழித்த பிறகும் தேவையான எண்ணிக்கை இருந்தது. வெளியுறவு இலாகாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

தவணை சொல்லிப் பேரம் பேசப் போகிறவன் தோற்றுப்போவான் என்று ராஜதந்திரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எதிராளி கடைசி நாள்வரை காத்திருந்தால் போதுமே! மெந்தேஸ் அந்தத் தவணையை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். ஜூலை 20-க்குப் பிறகு இந்தப் பிரதமர் இருக்கமாட்டார் என்றால், அடுத்து வருபவர் போரைத் தொடர்பவராக இருப்பார், அவருக்குப் பின்னால் அமெரிக்கா இருக்கும். இதை விரும்பாதவர்கள் எதிர்த் தரப்பில் இருந்தார்கள். கொரியாவில் மூன்றாண்டு போரிட்டுக் களைத்திருந்த சீனா, தன் தென் எல்லையில் அமெரிக்க விமானத் தளங்களைப் பார்க்க விரும்பவில்லை. ஸ்டாலினுக்குப் பிந்தைய சோவியத் தலைமையும் பதற்றத்தைக் குறைக்க விரும்பியது. மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ஆயுதம் கொடுக்கும் ஐரோப்பியப் பாதுகாப்புத் திட்டத்தை பிரான்ஸ் நிராகரிப்பதற்கு ஈடாக சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் வியட்நாமில் விட்டுக்கொடுத்தார் என்று சொல்வோர் உண்டு. அப்படியொரு பேரம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை.

ஜூன் 23 அன்று ஸ்விட்சர்லாந்தின் தலைநகர் பெர்னில், பிரெஞ்சுத் தூதரகத்தில் மெந்தேஸ் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். மக்கள் சீனத்தை பிரான்ஸ் அங்கீகரித்திருக்கவே இல்லை. அங்கீகரிக்காத அரசின் தலைவரோடு உட்கார்ந்து பேசியதே கொள்கை மாறிவிட்டதன் அடையாளம். முதலில் சண்டை நிற்கட்டும், அரசியல் ஏற்பாடு பிறகு என்பதை சூ ஏற்றுக்கொண்டார். லாவோஸும் கம்போடியாவும் வியட்நாமிலிருந்து வேறுபட்ட பிரச்சினைகள் என்பதையும் ஏற்றார். வியட் மின்னோடு நேரில் பேசுங்கள் என்று அழுத்தமாகச் சொன்னார். அங்கிருந்து சூ நேராக டெல்லிக்கு வந்து நேருவைச் சந்தித்தார். பிறகு ரங்கூன். ஜூலை 3 முதல் 5 வரை சீனாவின் லியூசோவில் ஹோ சி மின்னோடும் அவருடைய தளபதி கியாப்போடும் பேசி, விட்டுக்கொடுக்கச் சம்மதிக்க வைத்தார். பல ஆண்டுகள் கழித்து, 1979-இல், சீனா ஜெனீவாவில் தங்களைக் காட்டிக்கொடுத்தது என்று வியட்நாம் அதிகாரப்பூர்வமாகவே குற்றம்சாட்டியது.

இந்தியாவின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். 1954 பிப்ரவரியிலேயே போர்நிறுத்தம் கோரியவர் நேரு. பிரெஞ்சுத் துருப்புகளை ஏற்றிவரும் அமெரிக்க விமானங்கள் இந்திய வானில் பறக்க அவர் அனுமதி மறுத்தார். ஏப்ரல் 24 அன்று ஆறு அம்சத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அதே மாதக் கடைசியில் கொழும்பில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, இந்தோனேசியப் பிரதமர்கள் கூடி உடனடிப் போர்நிறுத்தம் வேண்டினார்கள். ஜெனீவா மேஜையில் ஒன்பது தரப்புகள். இந்தியாவுக்கு இடமில்லை. நேருவின் நெருங்கிய சகா கிருஷ்ண மேனன் அழைப்பில்லாமலேயே போனார். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன், மொலோடோவ், சூ, மெந்தேஸ் என்று ஒருவர் விடாமல் சந்தித்து, ஒருவர் மனத்தில் இருப்பதை இன்னொருவருக்குப் புரியவைத்தார். உடன்பாட்டைக் கண்காணிக்கும் சர்வதேச ஆணையத்துக்கு இந்தியா தலைமை, கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள் என்று முடிவானது மாநாட்டின் கடைசி நாட்களில்தான்.

ஜூலையில் பேச்சு ஒரு கோட்டில் வந்து நின்றது. வியட்நாமை எந்த அட்சரேகையில் பிரிப்பது? வியட் மின் 13-இல் தொடங்கினார்கள். பிரான்ஸ் 18 என்றது. கடலையும் லாவோஸையும் இணைக்கும் 9-ஆம் எண் சாலையும், அரண்மனை நகரமான ஹுவேயும் இடையில் கிடந்தன. ஒவ்வொரு அட்சரேகைக்கும் இடையே லட்சக்கணக்கான மனிதர்கள் இருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. இதற்கிடையில் செவ்வாற்றுப் படுகையின் தென்பகுதியைப் பிரெஞ்சுப் படை காலி செய்தது. மெந்தேஸ் மறுபுறம் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். ஜூலை 20 தவறிப்போனால், பதவி விலகும் முன் தான் செய்யும் கடைசிக் காரியம், கட்டாய சேவை இளைஞர்களை இந்தோசீனாவுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் அனுமதி கேட்பதாக இருக்கும் என்றார். எதிரியை மட்டுமல்ல, தன் நாட்டு மக்களையும் நோக்கி அவர் சொன்ன வார்த்தை இது. எட்டாண்டுகளாக யாரோ நடத்திய போரின் விலையை, முதல் முறையாக ஒவ்வொரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கும் அவர் எடுத்துச் சொன்னார். சனிக்கிழமைதோறும் வானொலியில் மக்களிடம் நேரடியாகப் பேசவும் ஆரம்பித்திருந்தார். போரை முடிக்க அவர் கையாண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: மக்களிடம் எதையும் மறைக்காமல் பேசியது.

ஜூலை 20 பிற்பகலில் மொலோடோவ் முடிச்சை அவிழ்த்தார். கோடு 17-ஆம் அட்சரேகையில். நாட்டை ஒன்றாக்கும் தேர்தல் இரண்டாண்டுகளுக்குள். எல்லாம் முடிந்தது என்று நினைத்த வேளையில், கம்போடியத் தூதுக்குழுவின் சாம் சாரி கையெழுத்திட மறுத்தார். தன் நாடு ஆபத்துக் காலத்தில் வெளிநாட்டு ராணுவ உதவி கேட்கும் உரிமையை விட்டுத்தரமுடியாது என்றார். வல்லரசுகளின் வெளியுறவு அமைச்சர்கள் நள்ளிரவு தாண்டியும் ஒரு சிறிய நாட்டின் பிரதிநிதிக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் அவர் கேட்டதைக் கொடுத்தார்கள். வியட்நாம், லாவோஸ் போர்நிறுத்த ஒப்பந்தங்கள் ஜூலை 21 விடியற்காலையில் கையெழுத்தாயின. பிரான்ஸ் சார்பில் ஜெனரல் தெல்தேய், வியட் மின் சார்பில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் தா குவாங் பூ. ஒப்பந்தத்தில் தேதி ஜூலை 20 நள்ளிரவு என்றே இருந்தது.

கையெழுத்தான காகிதங்கள் படைகளைப் பிரிப்பது பற்றியவை. தேர்தல் பற்றிய இறுதி அறிவிப்பில் யாரும் கையெழுத்திடவில்லை. அமெரிக்கா அதில் சேரவில்லை. பாவோ தாயின் வியட்நாம் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. 1956 ஜூலையில் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவே இல்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்குக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்தக் கோட்டின் இருபுறமும் பிறகு நடந்த போர் இதைவிடப் பல மடங்கு கொடியது. ஆகவே மெந்தேஸ் வியட்நாமுக்கு அமைதி தந்தார் என்று எழுத முடியாது. பிரான்ஸின் போரை அவர் முடித்தார். தன் அதிகாரத்துக்கு உட்பட்டது அதுதான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

இந்தக் கொள்கை மாற்றம் நம் கடற்கரையையும் தொட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் தலைமுறைகளாக சைகோனில் காவல் துறையிலும் சுங்கத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கே போனவர்களும் உண்டு. ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். பல ஆண்டுகளாக இழுபட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் விவகாரத்தை மெந்தேஸ் அரசு அதே வேகத்தோடு எடுத்துக்கொண்டது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 21 அன்று டெல்லியில் ஒப்பந்தம். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது.

அதே நவம்பர் 1 அதிகாலையில் அல்ஜீரியாவில் கிளர்ச்சி வெடித்தது. பதினொரு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் மெந்தேஸ், அல்ஜீரிய மாவட்டங்கள் பிரெஞ்சுக் குடியரசின் பகுதி, அங்கே பிரிவினைக்கு இடமே இல்லை என்றார். இந்தோசீனாவில் எதிரியோடு பேச வேண்டும் என்று நான்காண்டு வாதாடியவர், துனீசியாவுக்குத் தானே போய் உள்நாட்டுத் தன்னாட்சி அறிவித்தவர், இங்கே அந்த வாதத்தை எடுக்கவில்லை. பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் வாழ்ந்த, சட்டப்படி பிரான்ஸாகவே கருதப்பட்ட நிலம் அது. காரணங்கள் இருந்தன. ஆனாலும் அது பெரிய தவறு. தூரத்து நாட்டை விட்டு வெளியேறத் துணிந்த கொள்கை, பேரரசு என்ற எண்ணத்தைக் கைவிடும் அளவுக்கு மாறியிருக்கவில்லை.

இந்தோசீனாவை மறக்காத எம்.ஆர்.பி.யும் மற்றவர்களும் சேர்ந்து 1955 பிப்ரவரி 5 அதிகாலையில், வட ஆப்பிரிக்க விவாதத்தின் முடிவில், 319-க்கு 273 என்று அவர் அரசைக் கவிழ்த்தார்கள். வாக்கெடுப்புக்குப் பிறகு அவர் மேடையேறிப் பேச முயன்றபோது கூச்சலிட்டுத் தடுத்தார்கள். ஆட்சியில் இருந்தது எட்டு மாதத்துக்கும் குறைவு. 1956-இல் பிரதமர் கி மொலேயின் அமைச்சரவையில் சேர்ந்து, அதன் அல்ஜீரியக் கொள்கையை ஏற்க முடியாமல் மே மாதமே விலகினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அல்ஜீரியாவில் பிரான்ஸின் படைபலம் நான்கு லட்சத்தை நெருங்கியது. இந்தோசீனாவுக்கு அனுப்பப்படாத கட்டாய சேவை இளைஞர்களே அதில் பெரும்பான்மை. அவர்களுடைய போரை அடுத்த பகுதியில் பார்ப்போம்.